படகுக் கண்காட்சிக்குப் போகிறோம். அங்கேயே முன்பணம் கட்டிவிடலாமா?

இந்த முறை வந்திருக்கும் கடிதம் நாலு பக்கம். சாரத்தை மட்டும் தருகிறேன்.

எழுதியவருக்கு வயது 57. முப்பது வருடம் நடத்திய தொழிலைப் பங்குதாரரிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வு பெறப்போகிறார். கடல் மேல் ஆசை பழையது. நாலைந்து விடுமுறைகளில், ஓட்டுநரோடு சேர்த்துப் படகை வாடகைக்கு எடுத்துச் சுற்றியிருக்கிறார். சுக்கானைத் தானே பிடித்தது எல்லாம் சேர்த்து இருபது மணி நேரம்கூட இருக்காது என்று அவரே சொல்கிறார். இப்போது சொந்தமாக ஒரு மோட்டார் யாட் வாங்க நினைக்கிறார். அடுத்த மாதம் ஐரோப்பிய ஒன்றிய நாடு ஒன்றில், துறைமுகத்துத் தண்ணீரிலேயே நடக்கும் படகுக் கண்காட்சிக்கு மனைவியோடு இரண்டு நாள் போகிறார். இருவரும் வசிப்பது ஒன்றியத்துக்கு வெளியே.

14.9 மீட்டர் நீளமுள்ள புது மாடல் ஒன்றில் மனம் போய் விழுந்துவிட்டது. 11 வருடம் ஓடிய வேறொரு படகும் அதே துறைமுகத்தில் விற்பனைக்கு நிற்கிறதாம். புதுப் படகின் விற்பனையாளர் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்: கண்காட்சி விலை கடைசி நாள் மாலை வரைக்கும்தான், 10 சதவீதம் கட்டினால் அடுத்த வருடக் கட்டுமான வரிசையில் ஓர் இடம் ஒதுக்கப்படும், ஏதாவது ஒரு சின்ன நாட்டில் கம்பெனி பதிந்து அதன் பெயரில் வாங்கினால் வரித் தொல்லை இருக்காது. "பிடிக்காவிட்டால் 14 நாளுக்குள் ரத்து செய்துகொள்ளலாம், ஐரோப்பாவில் சட்டமே அப்படி" என்று நண்பர் ஒருவர் தைரியம் சொல்லியிருக்கிறார். 'ஏ வகை' என்று விளம்பரப் புத்தகத்தில் இருப்பதால் பெருங்கடலையே கடக்கலாம் என்றும், புதுப் படகுக்குச் சர்வேயர் (படகைப் பரிசோதித்து அறிக்கை தரும் நிபுணர்) தேவையில்லை என்றும் இவர் எண்ணுகிறார். மனைவிக்குப் படகில் ஏறினால் தலை சுற்றும். "போய்ப் பார்ப்போம், கையெழுத்து மட்டும் வேண்டாம்" என்கிறாராம். கடிதத்தின் கடைசி வரி: "அவள் பயப்படுகிறாளா, சரியாகத்தான் சொல்கிறாளா?"

அன்புள்ள ஐயா,

கடைசிக் கேள்விக்கே முதலில் வருகிறேன். உங்கள் மனைவி அதைப் பயத்தில் சொன்னாரோ என்னவோ, படகு விற்பனைத் தகராறுகளையே பிழைப்பாகக் கொண்ட வழக்கறிஞன் நானும் அதையேதான் சொல்வேன். என்னிடம் வரும் கட்சிக்காரர்கள் பலருக்கு ஓர் ஒற்றுமை உண்டு. கையெழுத்துப் போட்டபோது அவர்கள் காலில் செருப்பு இருக்கவில்லை.

வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. கண்காட்சிகளில் படகில் ஏறுமுன் செருப்பைக் கழற்றி, ஏறுபலகைக்குப் பக்கத்தில் இருக்கும் கூடையில் போட்டுவிட வேண்டும். வெறுங்காலில் தேக்குத் தளம் இதமாக இருக்கும். உள்ளே குளிர்ந்த காற்று, மங்கலான விளக்கு, உட்கார்ந்தால் எழ மனம் வராத சோபா. வெளியே வரிசையில் நிற்கிறவர்களை ஊழியர் ஒருவர் தடுத்து வைத்திருப்பார்; உங்களை மட்டும் இன்னும் கொஞ்சம் இருக்கச் சொல்வார். அப்போது எதிரே வரும் காகிதம் ஒரே பக்கம்தான் இருக்கும். 'ஒதுக்கீட்டுப் படிவம்' என்று தலைப்பு. அதன் அடியில் சின்ன எழுத்தில், 'எங்கள் பொது விற்பனை நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்று ஒரு வரி. அந்த நிபந்தனைகள் இருபது முப்பது பக்கம் ஓடும். அவை அந்த மேசையில் இருக்காது.

14 நாள் ரத்து உரிமை உங்களுக்கு உண்டா?

நண்பர் சொன்னது பாதி சரி. ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமை உத்தரவு, கடைக்குப் போகாமல் தொலைவிலிருந்து செய்யும் ஒப்பந்தங்களுக்கும், வியாபாரியின் வழக்கமான இடத்துக்கு வெளியே செய்யும் ஒப்பந்தங்களுக்கும் 14 நாள் விலகல் உரிமை தருகிறது. விற்பனையாளர் வீட்டுக் கதவைத் தட்டி வந்து திடுதிப்பென்று கையெழுத்து வாங்கினால் பாதுகாக்க வந்த விதி அது.

கண்காட்சி அரங்கு எந்தக் கணக்கில் சேரும் என்ற கேள்வி ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வரைக்கும் போனது. பெர்லினில் நடக்கும் 'பசுமை வாரம்' என்ற கண்காட்சியில் ஒருவர் நீராவியால் சுத்தம் செய்யும் கருவி ஒன்றை வாங்கினார். அவருக்கு விலகல் உரிமை பற்றித் தெரிவிக்கவில்லை என்று நுகர்வோர் அமைப்பு வழக்குப் போட்டது. 2018 ஆகஸ்ட் 7 அன்று நீதிமன்றம் ஓர் அளவுகோல் கொடுத்தது: அரங்கின் தோற்றத்தையும் அங்கே தரப்படும் தகவலையும் பார்க்கும் சாதாரண நுகர்வோர், இங்கே வியாபாரம் நடக்கும், ஒப்பந்தம் போடச் சொல்லிக் கேட்பார்கள் என்று எதிர்பார்க்க முடியுமானால், அந்த அரங்கும் வியாபாரியின் இடம்தான். அப்படியானால் 14 நாள் உரிமை இல்லை. படகுக் கண்காட்சிக்குப் பல மாதம் திட்டமிட்டு, விற்பனையாளரிடம் நேரம் குறித்துக்கொண்டு போகிற நீங்கள், 'விற்பார்கள் என்று எனக்குத் தெரியாது' என்று எந்த நீதிபதியிடம் சொல்வீர்கள்?

சரி, வீட்டுக்கு வந்து மின்னஞ்சல் வழியாகக் கையெழுத்திட்டால்? அது தொலைவு ஒப்பந்தம் ஆகலாம். ஆனால் அதே உத்தரவில் வாங்குபவரின் தனி விருப்பப்படி செய்யப்படும் பொருளுக்கு விலக்கு இருக்கிறது. மரத்தின் நிறம், அறைகளின் அமைப்பு, என்ஜின் தேர்வு என்று நீங்கள் சொல்லிக் கட்டும் படகுக்கு அந்த விலக்கை விற்பனையாளர் கட்டாயம் காட்டுவார். எனவே போட்ட கையெழுத்து போட்டதுதான் என்று வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள்.

'கடைசி நாள் மாலை வரை' என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. கண்காட்சிச் சலுகைகள் சில உண்மையானவை. உற்பத்தியாளர் அந்த வாரத்துக்கென்று விற்பனையாளருக்கு ஒதுக்கித் தருபவை. அப்படியிருந்தும், "இந்த விலையை மூன்று வாரம் நீட்டித்து எழுத்தில் கொடுங்கள், என் வழக்கறிஞர் பார்க்க வேண்டும்" என்று கேட்டவர்களுக்கு அது கிடைத்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கேட்டதற்குக் கோபித்துக்கொள்ளும் விற்பனையாளர் படகை ஒப்படைத்த பிறகு எப்படி நடந்துகொள்வார் என்பதையும் அங்கேயே தெரிந்துகொள்ளலாம்.

ஏதாவது தொகை கட்டித்தான் ஆக வேண்டும் என்று தோன்றினால், 10 சதவீதம் வேண்டாம். சிறு தொகை கட்டுங்கள். அது முழுதாகத் திரும்பத் தரப்படும் என்றும், எந்தத் தேதிக்குள் என்றும், கடலோட்டச் சோதனையும் சர்வேயும் காப்பீடும் உங்களுக்குத் திருப்தி தராவிட்டால் காரணம் சொல்லாமலே விலகலாம் என்றும் அதே காகிதத்தில் எழுதி வாங்குங்கள். பணம் விற்பனையாளரின் நடப்புக் கணக்குக்குப் போகாமல், இரு தரப்புக்கும் பொதுவான பொறுப்புக் கணக்கில் நிற்பது நல்லது. "திருப்பித் தந்துவிடுவோம் சார்" என்ற வாய் வார்த்தைக்கு என் அலுவலகத்தில் தனி அலமாரியே இருக்கிறது.

ஒப்பந்தத்தில் யார் பெயர்? பணம் எங்கே?

உற்பத்தியாளரின் பெயர் எழுதிய பெரிய அரங்கில் நிற்பீர்கள். ஒப்பந்தத்தில் விற்பவர் என்று இருக்கும் பெயர் வேறாக இருக்கும். பெரும்பாலும் ஒரு பிராந்திய முகவரின் கம்பெனி. நாளை படகில் குறை வந்தால் சட்டப்படி உங்களுக்குப் பொறுப்பு அந்த முகவர்தான். ஒன்றியத்தில் நுகர்வோருக்கு விற்கும் பொருளுக்குக் குறைந்தது இரண்டு வருடச் சட்டப் பொறுப்பு உண்டு. அது விற்பவர் மீது விழுகிறது. உற்பத்தியாளர் தரும் வாரன்டி தனி. என்ஜின் கம்பெனியின் வாரன்டி அதனினும் தனி. மூன்றும் எந்தத் தேதியில் தொடங்குகின்றன என்று கேளுங்கள். படகு தொழிற்சாலையை விட்டுக் கிளம்பிய நாளா, உங்கள் கைக்கு வந்த நாளா? இடையில் சில மாதங்கள் போய்விடும்.

இங்கேதான் அந்தக் கம்பெனி யோசனை உறுத்துகிறது. நுகர்வோர் என்றால் தன் தொழிலுக்காக அல்லாமல் வாங்கும் தனிமனிதர். கம்பெனி பெயரில் வாங்கினால் நீங்கள் அந்தக் குடைக்கு வெளியே போய்விடுகிறீர்கள். மேலே சொன்ன இரண்டு வருடப் பொறுப்பும், ஒருதலைப்பட்சமான நிபந்தனைகளுக்கு எதிரான பாதுகாப்பும் கைவிட்டுப் போகலாம். விற்பனையாளர் இந்த யோசனையைக் கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது யாருடைய சுமையைக் குறைக்கிறது என்று பாருங்கள்.

படகு பதிந்த நாட்டின் கொடியோடு வரியும் போவதில்லை. கடல் சட்டத்துக்கான ஐ.நா. ஒப்பந்தத்தின் 91ஆம் பிரிவு சொல்வது, கப்பல் எந்த நாட்டின் கொடியைப் பறக்கவிட உரிமை பெற்றிருக்கிறதோ அந்த நாட்டுக் குடிமை அதற்கு உண்டு என்பதுதான். படகுக்கு எங்கே வரி என்பது அது எங்கே பயன்படுத்தப்படுகிறது, உரிமையாளர் எங்கே வசிக்கிறார் என்பதைப் பொறுத்தது. ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர், வெளியே பதிந்த படகை, சொந்த உபயோகத்துக்காக 18 மாதம் வரை வரியின்றி ஒன்றியத்துக்குள் வைத்திருக்கலாம் என்ற தற்காலிக அனுமதி உண்மையில் உண்டு. உங்களுக்கு அது பொருந்தக்கூடும். ஆனால் ஒன்றியத்துக்குள்ளேயே வாங்கி, வெளியே போகாமல் அங்கேயே கட்டி வைத்திருக்கும் படகுக்கு அது தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது. வாடகைக்கு விட்டாலும் கணக்கு மாறிவிடும். இதற்கு என்னைப் போன்றவரைவிடப் படகு வரியில் பழக்கமுள்ள கணக்காளர்தான் சரி.

பணத்தைத் தவணை தவணையாகக் கேட்பார்கள்: கையெழுத்தில் ஒன்று, உடற்கூடு வார்த்ததும் ஒன்று, என்ஜின் பொருத்தியதும் ஒன்று. ஒவ்வொரு தவணைக்கும் ஈடாக உங்கள் கையில் என்ன இருக்கிறது என்பதே கேள்வி. ஒரு கட்சிக்காரர் பாதிக்கு மேல் பணம் கட்டியிருந்தார். கட்டுமான நிறுவனம் நொடித்தது. கொட்டகைக்குள் அவர் தேர்ந்தெடுத்த நிறத்திலேயே படகின் உடற்கூடு நின்றது. அது யாருடையது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை. கடன் கொடுத்த மற்றவர்களோடு அவரும் வரிசையில் நின்றார். கட்டக்கட்ட உரிமை உங்களுக்கு மாறும் என்ற நிபந்தனை, உங்கள் படகின் உடற்கூட்டு எண் ஒப்பந்தத்தில் பதிவாவது, இயன்றால் முன்தவணைகளுக்கு வங்கியின் திருப்பித் தரும் உத்தரவாதம்: இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இல்லாமல் நான் யாரையும் கையெழுத்துப் போட விடுவதில்லை.

'ஏ வகை' என்றால்

பழைய ஐரோப்பிய விதியில் ஏ வகைக்கு 'பெருங்கடல்' என்றே பெயர் இருந்தது. 2013ஆம் ஆண்டு வந்த உத்தரவு அந்தப் பெயர்களை எடுத்துவிட்டு எழுத்துகளை மட்டும் வைத்தது. விளம்பரக்காரர்கள் பழைய பெயரை இன்னும் விடவில்லை. இப்போதைய விதிப்படி, பி வகைப் படகு, காற்றின் வலுவைக் குறிக்கும் போஃபோர்ட் அளவில் 8 வரையான காற்றுக்கும், 4 மீட்டர் வரையான குறிப்பிடத்தக்க அலை உயரத்துக்கும் வடிவமைக்கப்பட்டது. ஏ வகை அதைத் தாண்டியும் தாங்கும். புயல், சூறாவளி போன்ற அசாதாரண நிலை அதில் சேராது. குறிப்பிடத்தக்க அலை உயரம் என்பது மிக உயர்ந்த மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. தனி அலை ஒன்று அதைப்போல் இரு மடங்கும் எழும்பலாம்.

ஆக, வகை என்பது படகின் வலுவையும் கவிழாத் தன்மையையும் பற்றிய பேச்சு. எவ்வளவு தூரம் போகும் என்பது அதில் வராது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். தலா 400 குதிரைத்திறன் உள்ள இரண்டு டீசல் என்ஜின்கள் என்று வையுங்கள். இரண்டும் சேர்த்து ஏறக்குறைய 590 கிலோவாட். அதில் 80 சதவீதத்தில் ஓட்டினால் மணிக்குச் சுமார் 120 லிட்டர் குடிக்கும். அப்போது வேகம் 22 நாட் (மணிக்கு 22 கடல் மைல்) என்றால், கடல் மைலுக்கு ஐந்தரை லிட்டர். தொட்டி 1,500 லிட்டர் கொள்ளும் என்றால், போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கைவசம் ஒரு பங்கு என்ற மாலுமிகளின் பழைய கணக்குப்படி செலவழிக்கக்கூடியது 1,000 லிட்டர். அதில் 180 கடல் மைல் ஓடலாம். கேனரி தீவுகளிலிருந்து கரீபியன் கடலுக்கு அட்லாண்டிக்கைக் கடப்பது சுமார் 2,700 கடல் மைல்.

வேகத்தைக் குறைத்தால் தூரம் நன்றாகவே கூடும். படகு தன் அலையின் மேலேயே ஏற முயலாமல், அதனோடு இசைந்து போகும் வேகத்துக்கு ஓர் எளிய கணக்கு உண்டு: தண்ணீர் மட்டத்தில் படகின் நீளத்தை, அதாவது நீர்க்கோட்டு நீளத்தை, அடிக் கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்குவது. 13 மீட்டர் நீர்க்கோட்டுக்கு அது ஒன்பது நாட் வேகத்துக்குச் சற்றுக் கீழே வரும். அந்த வேகத்தில் மைலுக்கான டீசல் பாதியாகவோ அதற்கும் கீழேயோ இறங்கிவிடும். விற்பனையாளரிடம் அதிகபட்ச வேகத்தைக் கேட்காதீர்கள், அதை அவரே சொல்வார். எட்டு நாட் வேகத்தில் எவ்வளவு டீசல் செலவு, இருபதில் எவ்வளவு, அந்தச் சோதனை நடந்தபோது தொட்டிகளில் எவ்வளவு டீசலும் தண்ணீரும் இருந்தன என்று கேளுங்கள். விளம்பர எண்கள் பெரும்பாலும் பாதி காலியான படகில் எடுத்தவை.

படகில் சுக்கான் இருக்கைக்கு அருகிலோ பின்தளத்திலோ ஒரு சிறு தகடு ஒட்டியிருக்கும். வகை, ஏற்றக்கூடிய ஆட்கள், அதிகபட்சப் பாரம் எல்லாம் அதில் இருக்கும். ஒரே படகுக்கு ஏ வகையில் எட்டுப் பேர், பி வகையில் பத்துப் பேர் என்று இரண்டு வரிகளும் இருக்கலாம். புத்தகத்தை விட்டுவிட்டு அந்தத் தகட்டைப் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நாளை எப்படிச் செலவழிப்பது

கண்காட்சிகளில் இரண்டு சாதி. டூசல்டார்ஃபில் ஜனவரியில் நடப்பது போல மண்டபத்துக்குள் நடப்பவை. அங்கே படகுகள் தாங்கிகளில் நிற்கும், அடிப்பாகமும் உந்துவிசிறியும் கண்ணுக்குத் தெரியும். செப்டம்பரில் கேன் நகரில் நடப்பது போலத் தண்ணீரில் நடப்பவை. அங்கே படகு எப்படி மிதக்கிறது, அமரம் (பின்பகுதி) அமிழ்ந்து நிற்கிறதா, ஆட்கள் ஏறும்போது எவ்வளவு சாய்கிறது என்று தெரியும், ஆனால் தண்ணீருக்குக் கீழே இருப்பது தெரியாது. உங்களுடையது இரண்டாவது வகை. எனவே படகை உலர்தளத்தில் ஏற்றிய படங்களையும், உந்துவிசைப் படத்தையும் கேட்டு வாங்குங்கள். என்ஜினிலிருந்து விசிறி வரை போகும் நேர்த் தண்டா, வோல்வோ பென்டா 2005இல் கொண்டுவந்த ஐபிஎஸ் போலப் படகின் அடியில் முன்னோக்கிய விசிறிகளோடு திரும்பும் அலகா? இரண்டாவது வகை துறைக்குள் திருப்ப மிக எளிது, புதியவருக்கு வரம். அதில் தண்ணீர் புகாமல் தடுக்கும் சீல்களும் அரிப்புத் தடுப்புத் துண்டுகளும் எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற வேண்டும், அதற்கு என்ன செலவு என்பதை அரங்கில் இருக்கும் என்ஜின் கம்பெனிக்காரரிடம் தனியாகக் கேளுங்கள். படகு விற்பவரிடம் வேண்டாம்.

முதல் நாள் காலை, கதவு திறந்ததும் போய்விடுங்கள். வார நாளாக இருந்தால் இன்னும் நல்லது. முன்கூட்டியே நேரம் குறித்தால் வரிசையில் நிற்காமல் ஏறலாம். கழற்றி மாட்ட எளிதான செருப்பு, ஓர் அளவு நாடா, சின்ன டார்ச். அலங்கார அறைகளை இரண்டாம் நாளுக்கு விடுங்கள். முதலில் என்ஜின் அறை.

சில வருடங்களுக்கு முன் ஒரு கட்சிக்காரரோடு போயிருந்தேன். தளத்து மூடியைத் தூக்கினால் வெள்ளை வெளேரென்று மருத்துவமனை போல இருந்தது என்ஜின் அறை. அவர் மயங்கிவிட்டார். கூட வந்த சர்வேயர் பேசாமல் ஏணியில் இறங்கி, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, வலது என்ஜினுக்கு வெளிப்பக்கம் கையை விட்டார். கடல்நீர் வடிகட்டியின் மூடி அங்கேதான் இருந்தது. விரல் நுனி மட்டும் தொட்டது. "இதில் ஒரு பிளாஸ்டிக் பை சிக்கினால், ஆடுகிற கடலில், சூடான என்ஜினுக்கு மேலே படுத்துக்கொண்டு திறக்க வேண்டும்" என்றார். அந்தப் படகை அவர் வாங்கவில்லை. நீங்களும் கையை விட்டுப் பாருங்கள்: இரண்டு வடிகட்டிகளுக்கும், என்ஜினைக் குளிர்விக்கும் நீர்ப் பம்பின் இம்பெல்லருக்கும் (உள்ளே சுழலும் ரப்பர் சக்கரம்), எண்ணெய் அளவுக் குச்சிக்கும், உடற்கூட்டுத் துளைகளை மூடும் வால்வுகளுக்கும். புது என்ஜின் எல்லாம் பளபளக்கும். எட்டுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். என்ஜின் அறைத் தீயணைப்பு தானாக இயங்குமா, வெளியிலிருந்து இழுக்கும் பிடி எங்கே என்றும் கேளுங்கள்.

பிறகு சுக்கான் இருக்கையில் உட்காருங்கள். அணியம் (படகின் முன்முனை) தெரிகிறதா? இந்த ரகப் படகுகள் வேகம் பிடிக்கும்போது மூக்கைத் தூக்கும். நிற்கும்போதே முன்னால் தெரியாவிட்டால் ஓடும்போது என்ன தெரியும்? திரும்பிப் பின்னால் பாருங்கள். துறையில் பின்னோக்கிக் கட்டும்போது அமரம் தெரிய வேண்டும். பக்கவாட்டு நடைபாதையில் ஒரு கையால் பிடித்துக்கொண்டே அமரத்திலிருந்து அணியம் வரை நடந்து பாருங்கள். எந்த இடத்தில் பிடிக்க ஒன்றுமில்லாமல் போகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டிலில் செருப்பில்லாமல் நீட்டிப் படுங்கள், இருவரும் ஒரே நேரத்தில். கண்காட்சிப் படகின் அறைகளில் கண்ணாடிகள் நிறைய இருக்கும்; அலமாரிகள் குறைவாக இருக்கும்.

காட்சிக்கு வைத்திருக்கும் படகில் விலையில் சேராத கூடுதல் பொருள்கள் முக்கால்வாசி மாட்டியிருக்கும். அணியத்துத் திருப்பு விசை, ஜெனரேட்டர், குளிர்சாதனம், படகின் ஆட்டத்தைக் குறைக்கச் சுழலும் ஜைரோ, ஏன், சில இடங்களில் நங்கூரச் சங்கிலியின் நீளம்கூட. "இந்தப் படகில் நான் இப்போது பார்க்கிறவற்றில் எது அடிப்படை விலையில் இல்லை?" என்று கேட்டு, பட்டியலை அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாள்தான் பின்னால் ஒப்பந்தத்தின் பின்னிணைப்பாக வேண்டும்.

14.9 மீட்டர் என்பது எந்த நீளம் என்றும் கேளுங்கள். விதிகளுக்கான உடற்கூட்டு நீளத்தில், கழற்றக்கூடிய குளிமேடை போன்றவை சேராது. படகைக் கட்டி வைக்கும் மரினாவில் கட்டணம் கேட்பவர் அணியத்து நங்கூர நுனியிலிருந்து குளிமேடை முடியும் வரை அளப்பார். படகின் விலையில் பத்தில் ஒரு பங்கு வருடச் செலவு என்று ஒரு வாய்க்கணக்கு உலவுகிறது. நான் அதை நம்புவதில்லை. புதுப் படகுக்கு ஒரு மாதிரி, பழைய படகுக்கு வேறு மாதிரி. யானையைக் கட்டித் தீனி போடுவது என்று முடிவெடுத்த பிறகு தீனிக்கணக்கை ஊகத்தில் விடக் கூடாது. கட்டுமிடம், காப்பீடு, வருடத்துக்கு ஒருமுறை கரையேற்றி அடிப்பூச்சு அடிப்பது, இந்த மூன்றுக்கும் உண்மையான மேற்கோள் வாங்கிக்கொண்டு பேசுங்கள். காப்பீட்டுக்காரர் உங்கள் இருபது மணி நேர அனுபவத்தைக் கேட்டுவிட்டுப் பயிற்சி பெற்ற ஓட்டுநர் வேண்டும் என்று நிபந்தனை வைக்கலாம். அனுபவத்தைக் கூட்டிச் சொல்லாதீர்கள். பின்னால் இழப்பீடு மறுக்க அதுவே காரணமாகிவிடும். ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 40ஆம் தீர்மானப்படி வழங்கப்படும் சர்வதேசத் திறன் சான்றிதழைப் படகு வருவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். கரையோர அதிகாரிகள் பல நாடுகளில் அதைக் கேட்பார்கள்.

அந்த 11 வருடப் படகு

கடிதத்தில் அதற்கு இரண்டே வரி ஒதுக்கியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ முதல் படகு என்ற வகையில் அதுதான் உங்களுக்குப் பொருத்தம் என்று படுகிறது. முதல் இரண்டு வருடத்தில் துறைச் சுவரில் உரசாமல் யாரும் கற்றுக்கொண்டதில்லை.

அதற்குச் சர்வேயர் கட்டாயம், அவரை நீங்களே அமர்த்த வேண்டும். விற்பவரோ தரகரோ காட்டுகிறவர் வேண்டாம். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி, ஃபைபர் உடற்கூட்டில் ஈரமானி வைத்து, அடியில் கொப்புளம் தட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என்ஜின் எண்ணெய் மாதிரி ஆய்வகத்துக்குப் போக வேண்டும். இது இயந்திரப் பக்கம். சட்டப் பக்கம் இன்னொன்று: கப்பல் மீதான சில உரிமைக் கோரிக்கைகள், மாலுமிகளின் சம்பளப் பாக்கி, மோதல் இழப்பீடு, கடலில் காப்பாற்றியதற்கான ஊதியம் போன்றவை, ஆளைத் தொடராமல் கப்பலையே தொடரும். உரிமையாளர் மாறினாலும் விடாது. பதிவேட்டின் அன்றைய நகலும், அடமானம் ஏதுமில்லை என்ற எழுத்தும், பின்னால் ஏதாவது கிளம்பினால் விற்பவர் ஈடு செய்வார் என்ற நிபந்தனையும் இல்லாமல் பணத்தை விடாதீர்கள்.

புதுப் படகுக்கும் சர்வேயர் வேண்டும். ஒப்படைப்பு நாளில் குறைப் பட்டியல் எடுப்பவர் அவர்தான். நான் பார்த்த புதுப் படகுகளில் குறைப் பட்டியல் ஒரு பக்கத்தில் முடிந்தது ஒன்றுகூட இல்லை. கடைசித் தவணை அந்தப் பட்டியல் தீர்ந்த பிறகுதான் என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

இனி உங்கள் மனைவியின் தலைசுற்றல். கண்காட்சியில் கட்டி நிற்கும் படகு அதைப் பற்றி எதுவும் சொல்லாது. என்ஜின் ஓடாது, ஜைரோ சுழலாது, அலை கிடையாது. பல விற்பனையாளர்கள் கண்காட்சி முடிந்த மறுநாளோ, அடுத்த வாரமோ கடலோட்டச் சோதனை தருவார்கள். பயணச்சீட்டை இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். அவரையும் அழைத்துப் போங்கள். கடல் அமைதியாக இருக்கும் காலையை அவர்கள் சொன்னால், காற்று எழும் பிற்பகலைக் கேளுங்கள். ஜைரோவை ஓடவிட்டுக் கால் மணி நேரம், நிறுத்திவிட்டுக் கால் மணி நேரம். அலையைப் பக்கவாட்டில் வைத்து மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். அப்போது அவர் எங்கே உட்கார விரும்புகிறார் என்று மட்டும் பாருங்கள், கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்யாதீர்கள். படகின் அமைப்பைத் தேர்ந்தெடுக்க அதைவிட நல்ல தகவல் உங்களுக்குக் கிடைக்காது.

விற்பனையாளரிடம் பொது விற்பனை நிபந்தனைகளின் முழு நகலை இப்போதே, கிளம்புவதற்கு முன்பே கேட்டு மின்னஞ்சல் போடுங்கள். வந்ததும் எனக்கு அனுப்புங்கள். வராவிட்டால் அதையும் சொல்லுங்கள்.